காருக்கு ஒரு கால்

தெருவில் வெள்ளம் வடிந்துவிட்டது. தணிகாசலம் வீட்டுக் காருக்குள் மட்டும் வடியவில்லை.

கார் வாசலில்தான் நின்றது. கண்ணாடிகள் முழுக்க ஏற்றப்பட்டிருந்தன. உள்ளே ஸ்டீயரிங் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். காலையில் கொஞ்சம் ஏறும், மதியத்துக்கு மேல் இறங்கும். பின் சீட்டில் கெளுத்தி மீன்கள் இருந்தன. கதவைத் திறந்தால் தெரு மறுபடி மூழ்கிவிடும், ஆகவே திறக்க வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். அது நியாயமாகத்தான் பட்டது. எல்லோரும் இப்போதுதான் வீட்டைக் கழுவி முடித்திருந்தார்கள்.

கார் தணிகாசலத்தின் மனைவி பிரமிளாவுடையது. சிறு வயதில் வந்த போலியோவில் அவளுக்கு வலது கால் சூம்பிப்போயிருந்தது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்க ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு லீவர் பொருத்தியிருந்தார்கள். பின் கண்ணாடியில் சக்கர நாற்காலி போட்ட நீல ஸ்டிக்கர் இருந்தது. அந்தக் காரில்தான் அவள் தாம்பரத்தில் இருக்கும் தன் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய் வந்தாள். ஊரார் கண்ணைப் பரிசோதித்து நம்பர் சொல்வது அவள் தொழில். கார் வந்த பிறகு அவள் எதற்காகவும் யாருக்காகவும் காத்து நின்றதில்லை.

இப்போது தெருமுனையில் ஆட்டோவுக்கு நின்றாள். அவள் ஏறி உட்கார ஆகும் நேரத்தை ஆட்டோக்காரர்கள் தூரத்திலிருந்தே கணக்குப் போட்டுவிட்டு வேறு பக்கம் பார்த்தபடி போனார்கள். தணிகாசலம் மாடி ஜன்னல் வழியாக அதைப் பார்ப்பான். பிறகு குளிக்கப் போவான். வெட்கம் பிடுங்கித் தின்னும். ஏனென்றால் அந்தக் கார் நனைந்ததற்குக் காரணம் மழை இல்லை, அவன்தான்.

அந்தப் பகுதியில் ஒரு வழக்கம் உண்டு. கனமழை எச்சரிக்கை வந்தால் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் ஓரமாக நிறுத்திவிடுவார்கள். மழை ஓய்ந்ததும் இறக்கிக்கொள்வார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. காரை மேலே விட்டுவிட்டு நடந்து இறங்க வேண்டும் என்பதால் பிரமிளாவின் காரை ஏற்றும் வேலை தணிகாசலத்துக்கு வந்தது. அவனுக்கு இரண்டு கால்களும் நன்றாக இருந்தன. ஜவுளிக்கடையில் பேன்ட் பிரிவில் நாள் முழுக்க நின்று பழகிய கால்கள்.

அவன் போனபோது பாலம் நிரம்பியிருந்தது. ஜெபராஜ் என்று ஒருவர் விசில் ஊதி ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அந்தப் பொறுப்பை அவருக்கு யாரும் கொடுத்ததாகத் தெரியவில்லை. இடமில்லை என்று கையை ஆட்டியவர், பின் கண்ணாடி ஸ்டிக்கரைப் பார்த்ததும் நெகிழ்ந்துபோனார். வரிசையில் நின்ற கார்களைப் பின்னால் நகர்த்தச் சொல்லி, பாலத்தின் உச்சியில் நல்ல இடமாக ஒதுக்கிக் கொடுத்தார். எல்லோரும் விலகி வழிவிட்டார்கள். எல்லோரும் அவன் கால்களைப் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி.

புத்தியுள்ளவன் இது என் மனைவியின் கார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். தணிகாசலம் கதவைத் திறந்து இறங்கி நொண்டினான்.

யோசித்துச் செய்யவில்லை. வலது கால் தானாக மடங்கியது. வலது கை தானாகத் தொடையில் ஊன்றியது. உடம்பு ஒரு பக்கம் தாழ்ந்து எழுந்தது. மிக நல்ல நொண்டல். பாலம் முழுக்க நொண்டினான். வீட்டுக்குப் பாதி தூரம் ஜெபராஜ் துணைக்கு வந்ததால் கீழேயும் நொண்டினான்.

மறுநாள் காரைப் பார்க்கப் போனபோது அவனுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி காத்திருந்தது. டீ வந்தது. ஒரு அம்மாள் கேசரி கொடுத்தார். வெயில் சுள்ளென்று அடித்ததால் ஒருவர் குடை பிடித்தார். பெரிய கார் வைத்திருந்த ஒருவர், தன் பையன் சரியாகப் படிப்பதில்லை என்றும் சாரைப் பார்த்தாவது திருந்தட்டும் என்றும் சொல்லிப் பையனைக் கூட்டிவந்து காட்டினார். அதற்கு மேல் தணிகாசலத்தால் தாங்க முடியவில்லை. காரை இறக்கிவிடுகிறேன் என்றான். மழை இன்னும் வரவில்லையே என்று எல்லோரும் வருந்தினார்கள். அவன் இறக்கினான். போலீஸ்காரர்கள் பாலத்தைக் காலி செய்யச் சொன்னதாகப் பிரமிளாவிடம் சொன்னான். அன்று சாயங்காலம் வானம் கிழிந்து கொட்டியது.

பிரமிளா அவனை ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. போலீஸ்காரன் சொன்னால் நீங்கள் என்ன செய்ய முடியும் என்றாள். கடையிலிருந்து வந்ததும் காரின் வெளிப்பக்கத்தைத் துடைப்பாள். கண்ணாடியில் விரலால் தட்டுவாள். மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும். அவள் அவனை நம்பியதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பான்.

காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து சேதம் பார்க்க ஒருவர் வந்தார். பெயர் கோதண்டம். ஒல்லியான மனிதர். ஷூவைக் கழற்றி வாசலில் வைத்தார். சட்டையைக் கழற்றவில்லை. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி, ஒரு சொட்டும் சிந்தாமல் அந்த இடுக்கு வழியாக உள்ளே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். காலை நேரம் என்பதால் தண்ணீர் ஏறி அவர் தலைக்கு மேல் நின்றது. பேசியது தெளிவாகக் கேட்டது.

தண்ணீர் நின்றபோது வண்டியை ஸ்டார்ட் செய்தீர்களா என்று கேட்டார். செய்யவில்லை என்றான் தணிகாசலம். செய்திருந்தால் இன்ஜின் போயிருக்கும், ஒரு பைசா கிடைக்காது என்றார் கோதண்டம். அவர் லீவரை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். ஒரு மீனை மெல்ல விலக்கிவிட்டுத் தரைவிரிப்பை முகர்ந்து பார்த்தார்.

"இது பாலத்துல இருந்த வண்டி" என்றார்.

தணிகாசலம் மீன்களைப் பார்த்தான்.

"பாலத்து மேல நின்ன வண்டி எதுக்கு சார் கீழ வந்துச்சு?"

போலீஸ் என்று ஆரம்பித்தான். பக்கத்தில் பிரமிளா நின்றுகொண்டிருந்தாள். கோதண்டம் தண்ணீருக்குள்ளிருந்து அவனை இரக்கத்தோடு பார்த்தார். அதை ஆபீசில் வந்து சொல்லுங்கள் என்றார். வண்டி அம்மா பெயரில் இருப்பதால் அவரும் வர வேண்டும் என்றார். போன வழியாகவே வெளியே வந்து ஷூவை மாட்டிக்கொண்டார். அவர் உடம்பில் ஈரமே இல்லை.

வெள்ளத்துக்குப் பிறகு கம்பெனி ஆபீசை மேம்பாலத்துக்கே மாற்றியிருந்தார்கள். அதுதான் பாதுகாப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். இறக்காமல் விட்ட கார்கள் எல்லாம் கவுன்ட்டர்கள் ஆகியிருந்தன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடியை இறக்கிப் பேசினார்கள், பேசி முடித்ததும் ஏற்றிக்கொண்டார்கள். ஆட்டோக்கள் ஆபீசுக்குள் வரக் கூடாது என்பதால் தணிகாசலமும் பிரமிளாவும் பாலத்தின் அடியில் இறங்கி நடக்க வேண்டியிருந்தது.

அவன் முன்னால் நடந்தான். அவள் பின்னால் வந்தாள். நடக்க நடக்கப் பாலம் நீண்டது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது, கிட்டே வரவில்லை. இன்றைக்கு நேராக நடந்துவிட வேண்டும், யார் என்ன கேட்டாலும் நேராக நடந்துவிட வேண்டும் என்று அவன் தன் கால்களிடம் சொல்லிக்கொண்டே போனான். கால்களும் சரி என்றுதான் சொல்லின.

விசில் சத்தம் கேட்டது. உச்சியில் ஜெபராஜ் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அவர்தான் மேலாளர்.

"சார் வர்றாரு. வழி விடுங்கப்பா."

வலது கால் மடங்கியது. கை தொடைக்குப் போனது. தணிகாசலம் நொண்டத் தொடங்கினான். பின்னால் பிரமிளாவின் செருப்புச் சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு முழுக்கக் கண்ணாகிவிட்டது போல எரிந்தது. பூமி பிளந்து உள்ளே போகலாம் என்றால் பாலத்தில் பூமியும் இல்லை.

நாற்காலி வந்தது. ஒரே ஒரு நாற்காலி. ஜெபராஜ் அவன் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார். யாரோ டீ கொடுத்தார்கள். அதே அம்மாள் கேசரி கொடுத்தார். பிரமிளா ஒரு காரின் பானட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அது கவுன்ட்டர் என்றும் அதில் சாயக் கூடாது என்றும் ஒருவர் மரியாதையாகச் சொன்னார். அவள் கையை எடுத்துக்கொண்டாள். தணிகாசலம் எழுந்துகொள்ளப் பார்த்தான். ஜெபராஜின் கை தோளிலேயே இருந்தது. அவன் டீயைக் குடித்தான். அதைக் குடித்ததற்காக வாழ்நாள் முழுக்க வெட்கப்படுவோம் என்று குடிக்கும்போதே தெரிந்தது.

கோதண்டம் பக்கத்துக் காரின் கண்ணாடியை இறக்கினார். வண்டி கீழே வந்ததற்கு என்ன காரணம் என்று கேட்டார். தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் ஜெபராஜ் பதில் சொன்னார். சாருக்குக் கால் முடியாது, மறுநாளே பாலம் ஏறி வந்து பார்த்தார், பார்க்கிறவர்கள் கண்ணில் தண்ணீர் வந்தது, முடியாமல்தான் இறக்கினார், நாங்களே சாட்சி என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கோதண்டம் எழுதிக்கொண்டார். இதைவிட நல்ல காரணம் இருக்க முடியாது, இன்றைக்கே பாஸ் ஆகிவிடும் என்றார்.

பிறகு அவர் பிரமிளாவைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். முகம் சங்கடமாகிவிட்டது.

"ஒரு காருக்கு ஒரு கால்தான் சார். பாலிசில ரெண்டு கால் ஏறாது."

விவரமாக எடுத்துச் சொன்னார். லீவர் வைத்த வண்டி ஒரு காலை நம்பிக் கொடுக்கப்படுவது. சாருடைய கால் முடியாத கால் என்று பாலமே சாட்சி சொல்கிறது. ஆகவே வண்டி சார் பெயருக்குப் போகும். அம்மாவின் கால் நல்ல கால் என்று எழுதப்படும். நல்ல கால் உள்ளவர் லீவர் வண்டி ஓட்டக் கூடாது. அவ்வளவுதான், அம்மாவுக்கு இதில் ஒரு செலவும் இல்லை என்றார்.

தணிகாசலம் எழுந்தான். டீ கிளாஸ் கீழே விழுந்து உடையாமல் உருண்டது.

"எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு" என்றான்.

கூட்டம் அன்போடு சிரித்தது. இவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், அந்தத் தன்மானத்தைத்தான் கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்றார் ஜெபராஜ். அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தார். அப்படியானால் இரண்டு பேரும் நடந்து காட்டட்டும், நான் பார்த்து எழுதிக்கொள்கிறேன் என்றார் கோதண்டம். அவர் நல்ல மனிதர். விதியைத் தவிர வேறு எதிலும் அவருக்குப் பிடிவாதம் இல்லை.

தணிகாசலம் நடந்தான். நேராக நடக்கத்தான் நினைத்தான். அத்தனை பேரும் கண்ணில் நீரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் முட்டாளாக்க யாருக்குத்தான் மனசு வரும்? கால் மடங்கியது. அவன் நடக்கப் பாலம் நீண்டுகொண்டே போனது. ஓடிப் பார்த்தான். ஓட்டமும் நொண்டியது. திரும்பி வந்தபோது கைதட்டினார்கள்.

அடுத்து பிரமிளா நடந்தாள். எப்போதும் நடப்பது போலத்தான் நடந்தாள். வலது கை தொடையில் ஊன்றியது. உடம்பு தாழ்ந்து எழுந்தது. அவனுடைய நடைக்கும் அதற்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் முகத்தை நேராகப் பார்க்க யாருக்கும் மனமில்லை.

கோதண்டம் தொண்டையைச் செருமினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க சாரைப் பாத்து செய்யறீங்க."

பிரமிளா கணவனைப் பார்த்தாள். கடையில் ஒருவர் கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து எது தெளிவாக இருக்கிறது என்று கேட்கும்போது இருக்கும் முகம் அவளுக்கு இருந்தது. கோபமில்லை. பொறுமையாக இருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்துக் கோதண்டத்துக்கே என்னவோ போலாகிவிட்டது. பேனாவை மூடாமல் யோசித்தார். ஒரு வழி இருக்கிறது என்றார். சாருடைய கால் நல்ல கால்தான் என்றால், அன்றைக்குப் பாலத்தில் ஏன் நொண்டினார் என்று அவர் வாயால் ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அதை எழுதிக்கொண்டு வண்டியை அம்மா பெயரிலேயே விட்டுவிடலாம். இழப்பீடும் கிடைக்கும். லீவரும் அவரிடமே இருக்கும்.

கவுன்ட்டர்களின் கண்ணாடிகள் எல்லாம் இறங்கின. ஜெபராஜ் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார். தணிகாசலத்துக்கு அந்த வரி தெரியும். மாடி ஜன்னலில் நின்று தினமும் சொல்லிப் பார்த்த வரி. என் மனைவிக்குக் கால் முடியாது என்று நாலு பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட நானே நொண்டியாக இருந்துவிட்டுப் போவது சுலபமாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. சொன்னால் நாளைக் காலையில் அவள் ஆட்டோவுக்கு நிற்க வேண்டாம்.

அவன் வாயைத் திறந்தான். பிரமிளா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் அங்கே இல்லாமல் இருந்தால் பாலத்துக்கே கேட்கும்படி சொல்லியிருப்பான். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"கால் வலி" என்றான்.

கூட்டம் பெருமூச்சு விட்டது. கோதண்டம் வருத்தமாகத் தலையாட்டிவிட்டுச் சீல் வைத்தார். ஜெபராஜ் நீளமாக விசில் ஊதினார். காரிலிருந்து தண்ணீர் இறங்கத் தொடங்கிவிட்டது, தெரு நனையவில்லை என்று கீழேயிருந்து தகவல் வந்தது. எல்லோரும் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பெரிய கார்க்காரர் தன் பையனை மறுபடி கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்தி போட்டோ எடுத்தார். தணிகாசலம் போட்டோவில் எப்படி நிற்க வேண்டுமோ அப்படி நின்றான்.

கூட்டம் விலகியதும் பிரமிளா கிட்டே வந்தாள். குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"வெளிய போனா நீங்க எப்பவும் எனக்கு முன்னாடிதானே நடப்பீங்க. ஒரு நாள் கூடப் பின்னாடி வந்ததில்ல. என் நடைய எங்க பாத்தீங்க?"

பொய் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. ஆனால் பொய் எதுவும் கைவசம் இல்லை.

"கடைக் கண்ணாடிங்கள்ல" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நாலடி முன்னால் போவான், சேர்ந்து வந்தவர்கள் என்று யாரும் நினைக்காத தூரத்தில். துணிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை என்று ஒவ்வொரு கண்ணாடியிலும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே போவான். அவள் வருகிறாளா, தடுமாறுகிறாளா, யாராவது இடித்துவிடுவார்களா என்று. எந்தக் கண்ணாடியிலும் அவளைத் தவறவிட்டதில்லை. ஒரு தடவையும் நின்றதில்லை.

பிரமிளா கைப்பையைத் திறந்து கார் சாவியை எடுத்தாள். பூதக்கண்ணாடி மாட்டிய சின்னச் சாவிக்கொத்து. அதிலிருந்து கடைச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, கார் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"லீவர் கொஞ்சம் இறுகலா இருக்கும். அழுத்திப் பிடிங்க" என்றாள்.

அவள் பாலத்திலிருந்து இறங்கத் தொடங்கினாள். இந்தத் தடவை அவள் முன்னால் போனாள். அந்த அம்மா எவ்வளவு நன்றாக நடக்கிறார் பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்றார் ஜெபராஜ்.

தணிகாசலம் பின்னால் நொண்டிக்கொண்டே போனான். கூட்டத்தின் கண்ணிலிருந்து மறைந்த பிறகும் நடை நேராகவில்லை. அவன் வேகமாக நடந்தால் பாலம் நீண்டது, மெதுவாக நடந்தால் அவள் தூரமானாள். பிரமிளா என்று கூப்பிட்டுப் பார்த்தான். கீழே போகிற லாரிச் சத்தத்தில் அது கேட்டதோ இல்லையோ, அவள் திரும்பவில்லை. அவள் எந்தப் பக்கமாவது தலையைச் சாய்த்து, அவன் வருகிறானா என்று பார்க்கிறாளா எனப் பார்த்துக்கொண்டே போனான். இரண்டு பக்கமும் சிமென்ட் சுவர்தான் இருந்தது. பாலத்தில் கடைகள் இல்லை.